இன்றைக்கு யார் முறை?

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில், ஒரு மூலையில், 'நாளைய மின்தடை' என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். கவனித்திருக்கிறீர்களா? சென்னைப் பதிப்பில் கே.கே. நகர், பல்லாவரம் என்று இருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்தில் அன்னவாசல், வயலோகம், பரம்பூர், குடுமியான்மலை, முக்கண்ணாமலைப்பட்டி என்று ஊர்ப் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் வரை கரன்ட் இருக்காது. அவ்வளவுதான் செய்தி.

இந்த மின்தடைக்காக யாரும் சாலை மறியல் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் நாள் ராத்திரியே மாவை அரைத்து வைத்துவிடுகிறார்கள். தொட்டியில் தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் அன்றைக்குப் பார்த்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். ஒரு பகல் முழுக்கக் கரன்ட் இல்லை, ஆனாலும் மனசில் கசப்பு இல்லை. முன்னாடியே சொல்லிவிட்டார்கள். காரணம் தெரியும். இன்னொரு நாள் பக்கத்து ஊருக்கும் இதே கதிதான் என்பதும் தெரியும்.

அப்படியானால் நம்மைக் கோபப்படுத்துவது இருட்டா, இல்லை அந்த இருட்டை நம் தலையில் கட்டிய விதமா?

2012-ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் தேவை சுமார் 12,000 மெகாவாட். கையில் இருந்தது எட்டாயிரம் சொச்சம். நாலாயிரம் மெகாவாட் துண்டு விழுந்தது. பிப்ரவரி கடைசியில் வந்த அறிவிப்புப்படி சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம். இது காகிதத்தில். நடைமுறையில் சென்னையின் 2 மணி நேரம் ஏறக்குறைய 2 மணி நேரமாகவே இருந்தது. வெளியே அந்த நாலு எட்டாகி, பன்னிரண்டாகி, மழைக்காலம் நெருங்கும்போது பல மாவட்டங்களில் 14, 16 மணி நேரம் என்று போய் நின்றது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். எப்போது போகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்தார்கள். ஐஸ் வைத்து மீன் விற்றவர், ஜெராக்ஸ் கடை வைத்தவர், விசைத்தறிக்காரர் எல்லோரும் கடை வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. தலைமைச் செயலகம் அங்கே. பெரிய ஆஸ்பத்திரிகள் அங்கே. துறைமுகம், ஐ.டி. கம்பெனிகள் அங்கே. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் மாநிலத்துக்கே நஷ்டம். இதை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன். பெந்தாம் என்ற இங்கிலாந்துக்காரர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு ஒரு தத்துவமே எழுதி வைத்திருக்கிறார். மொத்தமாகக் கூட்டிப் பார், எதில் நன்மை அதிகமோ அதைச் செய். கூட்டல் கணக்கில் அன்னவாசல் மாவு மில்லும் அண்ணா சாலை ஆஸ்பத்திரியும் சமமாக வராது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் தனி ஃபீடர் கொடுக்க முடியும். அதைச் சொல்லிக்கொண்டு அதே தெருவின் ஜவுளிக்கடை ஏ.சி.யையும் காப்பாற்றியதுதான் உறுத்துகிறது. புதுக்கோட்டையிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேயும் குழந்தை பிறக்கிறது.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1971-இல் நியாயத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் ஒரு யோசனை வருகிறது. ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டம் போடு. திரை விலகும்போது நீ பணக்காரனா, ஏழையா, எங்கே பிறந்தவன் என்பது உனக்கே தெரியாது. இதை நம் விஷயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நாளைக்குக் காலையில் நீங்கள் அடையாறில் கண் விழிப்பீர்களா, அன்னவாசலில் கண் விழிப்பீர்களா என்று தெரியாது. இன்றைக்கு ராத்திரி மின்வெட்டு அட்டவணை போடச் சொல்கிறார்கள். 2 மணி, 16 மணி என்று போடுவீர்களா? 7 மணி, 10 மணி என்று போடலாம். ஆஸ்பத்திரிக்கு விலக்கு தரலாம். 16 என்று எழுத மட்டும் கை வராது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் டீசல் வாங்கக் காசில்லாமல் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. நாட்டை எழுத்துக் குறியிட்ட பிரிவுகளாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு என்று பட்டியல் போட்டார்கள். மின்வெட்டு கொழும்பையும் தொட்டது. 13 மணி நேர வெட்டு வந்த அதே மார்ச் 31 ராத்திரிதான் ஜனாதிபதி வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. சில மாதத்தில் அவர் நாட்டை விட்டே போனார். தலைநகரத்துக்கும் இருட்டு போனால் அரசாங்கத்துக்குச் சீக்கிரம் வெளிச்சம் வரும் போலிருக்கிறது! தென்னாப்பிரிக்காவில் 2007 முதல் பல ஆண்டுகள் மின்வெட்டு. அங்கேயும் எத்தனை மெகாவாட் குறைகிறதோ அதற்கேற்ப 'முதல் நிலை, இரண்டாம் நிலை' என்று அறிவித்து, பகுதிவாரியாக அட்டவணை வெளியிட்டார்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் யாருக்கு எப்போது என்று தெரிந்து திட்டினார்கள்.

சரி, அன்னவாசலுக்கு வருவோம். அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது.

சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் அன்னவாசலைத் தாண்டியிருக்கலாம். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு அந்தப் பக்கம் கிடையாது. வெள்ளாறு மழைக்கு மட்டும் விழித்துக்கொள்ளும். அதனால் முன்னோர்கள் மழைத் தண்ணீரை ஏந்தி வைத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள். கண்மாய் என்றால் கரை, மடை, கலிங்கு மட்டும் இல்லை. கூடவே 'முறை' என்று ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்தால் இன்றைக்கு இந்த வயலுக்கு, நாளைக்கு அந்த வயலுக்கு என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஊர் ஓர் ஆளை வைத்திருக்கும். நீர்பாய்ச்சி, நீராணி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். கூலி நெல்லாகப் போகும். தலைமடைக்காரன் ராத்திரியில் வாய்க்காலைத் திருப்பினால் கடைமடைக்காரன் காலையில் மண்வெட்டியோடு வந்து நிற்பான்.

பழசை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் முறை. மடை திறந்த ஆளுக்குப் பல ஊர்களில் ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. முறை இருந்ததால் மட்டும் நியாயம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கரையில் நிற்கிற எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நான் கூட எடுத்தால் உனக்குக் குறையும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

போர்வெல் வந்த பிறகு இது மாறியது. நிலத்தடி நீரும் பொதுச் சொத்துதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நான் 300 அடி போட்டால் நீ 500 அடி போடுகிறாய். சண்டை இல்லை, முறையும் இல்லை. இந்தப் பக்கத்தில் கரன்ட் என்பதே தண்ணீருக்கு இன்னொரு பேர் என்று ஆகிவிட்டது. நகரத்தில் கரன்ட் போனால் ஃபேன் நிற்கும். இங்கே கடலைச் செடி வாடும்.

கரன்ட்டும் ஒரு கண்மாய்தான் என்றால் நம்புவீர்களா? கிரிட் என்கிற மின் தொகுப்பில் கரன்ட்டைச் சேர்த்து வைக்கிற இடம் மிகக் குறைவு. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, இதே நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். சரியாக இருந்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். செலவு கூடினால் 49.9, 49.8 என்று இறங்கும். அதுதான் இந்தக் கண்மாயின் நீர்மட்டம். ரொம்ப இறங்கினால் தானாகவே ஃபீடர்கள் துண்டிக்கப்படும், இல்லையென்றால் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து துணை மின் நிலையத்துக்கு போன் வரும். பணியில் இருப்பவர் ஒரு ஃபீடரை அணைப்பார். அந்த நிமிஷம் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. எந்த ஃபீடர்?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் இந்தக் கண்மாய் உடைந்தது. இரண்டாவது நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று தொகுப்பும் சாய்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. தென்னிந்தியா தப்பியது, அப்போது நம் தொகுப்பு தனியாக ஓடிக்கொண்டிருந்ததால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் தெற்கும் அதோடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீரில் போடுகிற ஹீட்டரும் காலாடிப்பட்டியில் ஓடுகிற மோட்டாரும் ஒரே நீர்மட்டத்தைப் பங்கு போடுகின்றன. உலகத்தின் மிகப் பெரிய கண்மாய்களில் ஒன்று. கரையில் நின்று பார்க்கத்தான் யாராலும் முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முறை வைப்பது யார்? வசதி உள்ளவர்கள் 2012-இல் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். தப்பில்லை. ஆனால் கரன்ட் வந்த அந்த ஒரு மணி நேரத்தில் அத்தனை பேட்டரியும் தாகத்தோடு குடித்தன. குடித்ததில் ஒரு பங்கு சூடாகவே வீணானது. பற்றாக்குறை இன்னும் கூடியது. என் வீட்டு விளக்கு எரிந்ததற்கு எதிர் வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கே கிடையாது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "இலவச கரன்ட் வாங்குற விவசாயியாலதான் சார் எல்லாம்" என்பார். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசமானது. 2003-இல் நிறுத்தினார்கள், 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு திரும்பக் கொடுத்தார்கள். இலவசம் என்பதால் மோட்டாரை அணைக்காமல் விடுவதும், நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனதும் உண்மை. மறைக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தை அன்னவாசல் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டேன். பல வருஷங்களாக மோட்டாருக்கு வேண்டிய மூன்று ஃபேஸ் மின்சாரம் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று பிரித்துத்தான் தரப்பட்டது. மிச்ச நேரம் இரண்டு ஃபேஸ். வீட்டில் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. (கன்டென்சர் போட்டு ஓட்டினவர்கள் உண்டு, மோட்டார் காயில் எரிந்து செலவு வைத்ததும் உண்டு.) பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்:

"ராத்திரி பத்து மணிக்குக் கரன்ட்டுன்னா பத்து மணிக்குக் கெணத்தடியில நிக்கணும் தம்பி. பாம்பு கெடக்கும். காட்டுப் பன்னி வரும். மழை தூறுனா ஸ்டார்ட்டர தொடவே பயமா இருக்கும்."

"ஃப்ரீ கரன்ட்டுன்னு ஊர்ல பேசுறாங்களே ஐயா?"

"காசு கேக்கல, அது நெசந்தான். நாப்பது வருசமா தூக்கத்தக் கேக்குறாங்கல்ல?"

டீ ஆறிவிட்டது. நகரத்துக்குத் தேவை ஏறும்போதெல்லாம் விவசாய மோட்டாரை நள்ளிரவுக்குத் தள்ளித்தான் கிரிட்டைச் சமாளித்தார்கள். கடன் பேரேட்டில் இலவச மின்சாரம் பற்று என்று எழுதியிருக்கிறது. அந்த ராத்திரிகள் வரவில் எங்கேயும் எழுதப்படவில்லை.

"நான் யூனிட்டுக்குக் காசு கட்டுறேனே, அப்புறம் என்ன?" நகரத்தில் இருக்கிற நம்முடைய நியாயம் இது. ஓரளவு சரிதான். ஆனால் நீங்கள் கட்டுகிற காசு எத்தனை யூனிட் என்பதற்கு; எந்த நேரத்தில் என்பதற்கு இல்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2012-இன் தேவையை எடுத்துப் பாருங்கள், 12 வருஷத்தில் எங்கே வந்திருக்கிறோம்! வருஷத்தில் சில பத்து நாட்கள், அந்த நாட்களிலும் சில மணி நேரங்கள் மட்டும் தேவைப்படுகிற அந்தக் கடைசி ஆயிரம், இரண்டாயிரம் மெகாவாட்டுக்காகவும் மின் நிலையம் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், லைன் வேண்டும். உங்கள் ராத்திரி பத்து மணி ஏ.சி.யும் என் ராத்திரி பத்து மணி ஏ.சி.யும் சேர்ந்துதான் அந்த லைனைக் கேட்கின்றன. மின் கட்டண அட்டையில் அந்த லைன் தெரிவதில்லை.

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள். அவர்களுடைய ஐந்து விரதங்களில் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. உடனே பயப்படாதீர்கள், கல்லில் போய்ப் படுங்கள் என்று சொல்லப் போவதில்லை. மே மாதப் புதுக்கோட்டை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குழந்தையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பெண்ணிடம் போய் மிகுபொருள் விரும்பாமை பேசுகிறவனை நான் மதிக்க மாட்டேன். அவளுக்கு இன்னும் ஒரு ஃபேன் வேண்டும், முடிந்தால் ஓர் ஏ.சி.யும் வேண்டும். தேவை ஏறுவதில் ஒரு பங்கு, நேற்றுவரை இல்லாதவர்கள் இன்றைக்கு வாங்குவது. அதை ஆடம்பரம் என்கிற உரிமை முதலில் வாங்கியவர்களுக்குக் கிடையாது.

ஆகவே கிரிட் வளரத்தான் வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் லைன் ஒன்று வந்தது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறன். அது வராவிட்டால் நமக்குக் கஷ்டம். ஆனால் அந்தக் கோபுரங்கள் ஆகாயத்தில் நிற்பதில்லை, யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பில் நிற்கின்றன. 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் ஈரோடு, திருப்பூர், கோவை விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. பட்டா விவசாயி பேரிலேயே இருக்கும். கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, பேங்க்காரர் கடன் தரத் தயங்குவார். இதற்கெல்லாம் எடுத்த அதிகாரம் 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தினுடையது. தந்தி 2013 ஜூலையிலேயே செத்துப்போய்விட்டது. தந்திக் கம்பத்துக்குப் போட்ட சட்டம் மட்டும் கோபுரம் நடப் போனது.

கேபிளைச் சாலையோரம் பூமிக்கு அடியில் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். செலவு பல மடங்கு என்றார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூர் போகிற லைன், கேரளத்தில் வடக்கஞ்சேரிக்குப் பிறகு பூமிக்கு அடியில்தான் போகிறது. அங்கே முடிந்திருக்கிறது. 2015-இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம் என்றது, கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15. 2024 ஜூனில் அதைக் கோபுரத்துக்கு 200, பாதைக்கு 30 என்று உயர்த்தினார்கள். அப்படியானால் அதுவரை மிச்சத்தை யார் போட்டது? தோப்புக்காரர்தான். யூனிட் விலை மலிவாக இருந்ததில் அவருடைய தென்னையும் கொஞ்சம் இருக்கிறது.

2012-இல் இருட்டைப் பகிர்ந்த மாதிரியே இப்போது கோபுரத்தைப் பகிர்ந்திருக்கிறோம். சத்தம் குறைவாகக் கேட்கிற இடம் பார்த்து.

இப்போது கதை வேறு மாதிரித் திரும்பியிருக்கிறது. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் மாதிரி நிறைய வந்துவிட்டதால், பகலில் கரன்ட் தாராளம். தட்டுப்பாடு சாயங்காலம் 6 மணிக்கு மேலே. காற்றாலை கைகொடுப்பது மே முதல் செப்டம்பர் வரை. அதனால் ராத்திரிக்குத் தள்ளின விவசாய மோட்டாரை இப்போது பகலுக்கு இழுத்தால் எல்லோருக்கும் லாபம். பெரியவர் தூங்கலாம். அந்த அளவில் சந்தோஷம். ஆனால் ராத்திரி மோட்டார் ஓடவில்லை என்றால், சாயங்காலத் தட்டுப்பாட்டில் தள்ளி வைக்க இனி கிராமத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்து நகரவேண்டியது நகரம். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று 2023-இல் மத்திய விதி வந்தது. பகலில் மலிவு, சாயங்காலம் கூடுதல். பெரிய தொழிற்சாலைகளுக்கு இது பழக்கம். வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தால் வரலாம் என்கிறார்கள். வீடு என்று பேச்செடுத்தாலே எந்தக் கட்சிக்கும் கை நடுங்குகிறது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் சின்னதாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை சாயங்காலம் ஆறரைக்கு ஓட்டுகிறோம், அதை மத்தியானம் ஒரு மணிக்கு மாற்றினால் என்ன? கரன்ட் பில் ஒரு ரூபாய்கூட ஏறாது. முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. மத்தியானம் ஏற்றினால் தண்ணீர் சுடும் என்றார் மூன்றாவது மாடிக்காரர். வாட்ச்மேன் சாப்பிடப் போகிற நேரம் என்றார் செயலாளர். "நம்ம ஒரு மோட்டாரால நாடு திருந்திருமா?" என்றார் இன்னொருவர். வாட்ச்மேனை யாரும் கேட்கவில்லை. அவர் கதவோரமாக நின்றிருந்தார், நானே கேட்டேன். "மூணு மணின்னா எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்றார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.